1943 நோட்டர் டேம்: நேவி சேர்த்த டீம், நேவியே பிரிச்ச டீம்

1943 நவம்பர் 27, அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் (கையால பந்தை வீசி, தூக்கிட்டு ஓடற அமெரிக்க ஆட்டம்) சீசனோட கடைசி மேட்ச். நோட்டர் டேம் யூனிவர்சிட்டி 14-12னு முன்னாடி நிக்குது, அதுவரைக்கும் ஆடின ஒன்பது மேட்சும் ஜெயிச்சாச்சு, இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடிச்சா தோல்வியே இல்லாத சீசன். எதிர்ல ஆடினது காலேஜ் டீம் கூட இல்ல, கிரேட் லேக்ஸ்னு சிகாகோவுக்கு வடக்க மிச்சிகன் ஏரிக்கரைல இருந்த நேவி பயிற்சி முகாமோட டீம். 33 செகண்ட் மிச்சம் இருக்கும்போது கிரேட் லேக்ஸோட ஸ்டீவ் லாக்னு ஒருத்தர் பந்தை நீளமா வீச, பால் ஆண்டர்சன் அதைப் பிடிச்சு எதிரணியோட எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டுட்டார், மொத்தம் 46 யார்டு. 19-14. கதை முடிஞ்சது.

ஆனா அந்த வருஷத்தோட நேஷனல் சாம்பியன் யாருன்னு பாத்தா நோட்டர் டேம்தான். அதே சீசன்ல ஒன்பதுக்கு ஒன்பது ஜெயிச்ச பர்டியூ யூனிவர்சிட்டிக்கு கிடைச்சது அஞ்சாவது இடம். பர்டியூ அதே கிரேட் லேக்ஸை செப்டம்பர்லயே 23-13னு தோக்கடிச்சிருந்தாங்க, அதையும் சேர்த்துப் பாத்தா இது அநியாயமாத்தான் தெரியும். நானும் மொதல்ல அப்படித்தான் நினைச்சேன், ஆனா அந்த வருஷம் அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் எப்படி ஓடுச்சுன்னு தெரிஞ்சா கணக்கு வேற மாதிரி வருது. அந்த வருஷம் எந்த டீம்ல யார் ஆடறாங்க, எந்தத் தேதி வரைக்கும் ஆடறாங்கங்கிறதை பாதிக்கு மேல முடிவு பண்ணது கோச்சுங்க இல்ல, அமெரிக்க நேவி.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1941 டிசம்பர்ல ஜப்பானோட பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்துச்சு, அமெரிக்கா இரண்டாம் உலகப்போர்ல இறங்குச்சு. அடுத்த மூணு வாரத்துல கலிஃபோர்னியால நடக்கவேண்டிய ரோஸ் பவுல் மேட்சை (சீசன் முடிஞ்சு புத்தாண்டு அன்னைக்கு நடக்கற பெரிய மேட்ச்), மேற்குக் கரையில பெரிய கூட்டம் கூட விடறது ஆபத்துன்னு சொல்லி, நாட்டோட இன்னொரு ஓரத்துல இருக்கற நார்த் கரோலினாவோட டர்ஹம் ஊருக்கு மாத்திட்டாங்க, அங்க ஓரிகன் ஸ்டேட் டீம் டியூக்கை 20-16னு ஜெயிச்சுது. இது வெறும் இடம் மாத்தற தொல்லைதான். நிஜமான அடி 1942 நவம்பர்ல விழுந்துச்சு, ராணுவத்துக்குக் கட்டாயமா கூப்பிடற வயசை 20லருந்து 18க்கு இறக்கிட்டாங்க. காலேஜ்ல படிக்கற பையனோட வயசே 18லருந்து 22, அப்போ கிளாஸ்ல யார் மிஞ்சுவாங்க, கிரவுண்டுல யார் மிஞ்சுவாங்க? பெட்ரோல் ரேஷன், ரயில்ல ராணுவத்துக்கு முன்னுரிமை, இதெல்லாம் வேற தனி.

காலேஜ் நிர்வாகங்களுக்கு இது ஃபுட்பால் கவலை மட்டும் இல்ல, ஃபீஸ் கட்ட ஆள் இல்லாம கதவையே மூடவேண்டி வருமோங்கற பயம். அந்த நேரத்துல ராணுவமும் நேவியும் தனித்தனியா ஒரு வேலை பண்ணாங்க. போருக்கு ஆபீசர்ங்க வேணும், படிச்ச ஆளுங்க வேணும், அதனால பசங்களை யூனிஃபார்ம் போட்டே காலேஜுக்கு அனுப்பி அரசாங்க செலவுல படிக்க வைக்கறது. நேவியோட திட்டத்துக்கு வி-12னு பேர், 1943 ஜூலை 1 அன்னைக்கு ஆரம்பிச்சது, 131 காலேஜ்ல நடந்துச்சு, முடியறதுக்குள்ள சுமார் 1,25,000 பேர் அதுல சேந்தாங்க. மெரீன் கோர், அதாவது நேவியோட சேர்ந்து கரையிறங்கிச் சண்டை போடற படை, அதோட பசங்களும் இதுலயேதான். ராணுவத்தோட திட்டத்துக்கு ஏ.எஸ்.டி.பி.னு பேர், அது இன்னும் பெருசு.

இந்த ரெண்டு திட்டத்துக்கும் நடுவுல ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் 1943 சீசனோட வரைபடத்தையே போட்டுச்சுன்னு சொல்லலாம். ராணுவம் தன் பசங்க காலேஜ் டீம்ல ஆடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. படிப்பை அவசர அவசரமா முடிக்கணும், பயிற்சி இருக்கு, விளையாட்டுக்கு ஊர் ஊரா போக எங்க நேரம்னு காரணம் சொன்னாங்க. நேவி ஆடிக்கோன்னு விட்டுடுச்சு. வி-12 பையனுக்கு வாரத்துக்கு 17 கிரெடிட் அளவு பாடம், ஒன்பதரை மணி நேரம் உடற்பயிற்சி, மாசம் 50 டாலர் சம்பளம், இதையெல்லாம் ஒழுங்கா செஞ்சிட்டு மிச்ச நேரத்துல டீம்ல ஆடலாம். நேவிக்குள்ள டாம் ஹாமில்டன் மாதிரி பழைய ஃபுட்பால் ஆளுங்க இருந்தாங்க, முட்டி மோதி விளையாடற ஆட்டம் சண்டைக்கு ஆளைத் தயார் பண்ணும்னு நம்பினவங்க, பைலட்டுகளுக்கான உடற்பயிற்சித் திட்டத்தையே அந்த நம்பிக்கைல கட்டினவர் ஹாமில்டன். ராணுவம் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, நேவி சொன்னதுலயும் இருக்கு, ஆனா ஃபுட்பாலுக்கு எது நல்லதா போச்சுன்னு சொல்லவே வேணாம்.

விளைவு என்ன ஆச்சுன்னா எந்த காலேஜுக்கு எந்தப் படை வந்துச்சோ அதுதான் அந்த காலேஜ் டீமோட தலையெழுத்து. தெற்குல அலபாமா, டென்னஸி, ஆபர்ன், ஃப்ளோரிடா, கென்டக்கி எல்லாம் 1943ல டீமே போடல, மிச்சிகன் ஸ்டேட்டும் போடல, மேற்குல ஸ்டான்ஃபோர்ட் கடையை மூடினவங்க போர் முடிஞ்சப்புறம்தான் திறந்தாங்க. 1942ல பிரமாதமா ஆடி ரோஸ் பவுலும் ஜெயிச்ச ஜார்ஜியா, அடுத்த வருஷம் 17 வயசுப் பசங்களையும் ராணுவம் உடல்தகுதி இல்லன்னு திருப்பி அனுப்பினவங்களையும் வச்சு ஒப்பேத்தினாங்க. இன்னொரு பக்கம் நேவி வந்த இடங்கள், மிச்சிகன், பர்டியூ, நார்த்வெஸ்டர்ன், டியூக், நோட்டர் டேம், இவங்க எல்லாரும் முன்னைவிட பலமாயிட்டாங்க.

ஏன் பலமாச்சுன்னா, வி-12ல எந்த காலேஜுக்குப் போறங்கறதை நேவிதான் சொல்லும். உன் பழைய காலேஜ்ல நேவி திட்டம் இல்லன்னா வேற காலேஜுக்குப் போ, அங்கயே படி, அங்கயே ஆடு. டீம் மாறினா ஒரு வருஷம் உக்காரணும், முதல் வருஷப் பையன் மெயின் டீம்ல ஆடக் கூடாதுங்கற பழைய விதியெல்லாம் போர்க்காலத்துக்குன்னு தளர்த்தியாச்சு. எல்ராய் ஹிர்ஷ்னு விஸ்கான்சின்ல 1942ல கலக்கின ஆள், கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போற மாதிரி ஓடுவார்ங்கறதால கிறுக்குக் கால்னே பட்டப்பேர் வச்சிருந்தாங்க, அவரை மெரீன்ஸ் மிச்சிகனுக்கு அனுப்பிட்டாங்க. மினசோட்டாவோட பில் டேலியும் மிச்சிகன்லதான் வந்து இறங்கினார். இலினாய்ல இருந்த டோனி பட்கோவிச்சும் அலெக்ஸ் அகாஸியும் பர்டியூக்குப் போனாங்க. அதே இலினாய்ல இருந்து ஜூலியஸ் ரைகோவிச் நோட்டர் டேமுக்கு வந்தார். போன வருஷம் எதிரியா நின்னவன் இந்த வருஷம் நம்ம ஜெர்சியில, இலினாய் ரசிகனா இருந்திருந்தா வயிறு எரிஞ்சிருக்கும், உங்க டீமையே ரெண்டா பிச்சு பக்கத்து ஊருக்குக் குடுத்துட்டு அவங்க கூடவே மேட்ச் ஆடச் சொன்னா எப்படி இருக்கும்? பர்டியூ 40-21னு ஜெயிச்சாங்க, நோட்டர் டேம் 47-0னு ஜெயிச்சாங்க.

இதுக்கும் மேல காலேஜே இல்லாத ராணுவ, நேவி முகாம்களும் டீம் போட்டாங்க. நம்மூர்ல ரஞ்சி டிராஃபில சர்வீசஸ் டீம் ஆடறாங்கல்ல, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆனா இங்க முகாமுக்கு வந்து சேர்ற ஆளுங்கள்ல காலேஜ் முடிச்சு என்.எஃப்.எல்.ல காசு வாங்கி ஆடினவங்களும் இருப்பாங்க, மேல சொன்ன ஸ்டீவ் லாக் கூட டியூக்ல ஆடிட்டு 1942ல சிகாகோ கார்டினல்ஸ்ல ஆடினவர்தான். 18 வயசுப் பையன் எதிர்ல இருபத்தஞ்சு வயசு ப்ரொஃபஷனல். கிரேட் லேக்ஸுக்கு இதுல பழைய பெருமையும் உண்டு, முதல் உலகப்போர் சமயத்துலயே டீம் போட்டு 1919 ரோஸ் பவுல் ஜெயிச்சவங்க, அந்த டீம்ல ஆடின ஜார்ஜ் ஹாலஸ்தான் பின்னாடி சிகாகோ பேர்ஸை உருவாக்கினவர். அயோவால பைலட் ஆகப்போறவங்களுக்கான ப்ரீ-ஃப்ளைட் பள்ளிக்கு சீஹாக்ஸ்னு ஒரு டீம். இந்த ப்ரீ-ஃப்ளைட் பள்ளிகள் நாலஞ்சு ஊர்ல இருந்துச்சு, நார்த் கரோலினால இருந்ததுல பயிற்சியாளரா வேலை பாத்தவர்ல ஜெரால்ட் ஃபோர்டும் ஒருத்தர், ஆமா, பின்னாடி ஜனாதிபதி ஆன அதே ஃபோர்ட், அவர் காலேஜ்ல மிச்சிகன் டீம்ல ஆடினவர்.

இப்போ நோட்டர் டேமுக்கு வருவோம். இண்டியானா மாநிலத்துல சவுத் பெண்ட்ங்கற ஊர்ல இருக்கற கத்தோலிக்க யூனிவர்சிட்டி, அப்போ ஆம்பளைங்க மட்டும்தான் படிக்கலாம், அதனால கட்டாய ஆள்சேர்ப்பு வந்தா முழுசா காலியாகற இடம். நேவி போர் ஆரம்பத்துலயே அங்க ஆபீசர் பயிற்சி ஆரம்பிச்சுது, அப்புறம் வி-12ம் வந்துச்சு, அந்த வருமானம்தான் யூனிவர்சிட்டியைக் காப்பாத்துச்சு. அந்த நன்றிக்கடனுக்காகத்தான் நேவி அகாடமி, அதாவது நேவி தன் ஆபீசர்களை உருவாக்கற காலேஜ், எத்தனை வருஷம் வேணும்னாலும் நம்ம கூட ஆடட்டும்னு நோட்டர் டேம் வச்சிருந்ததா அங்க ரொம்ப வருஷம் தலைவரா இருந்த ஃபாதர் ஹெஸ்பர்க் வெளிப்படையாவே சொல்லியிருக்கார். 1927ல ஆரம்பிச்ச அந்த மேட்ச் 2019 வரைக்கும் ஒரு வருஷம் கூட விட்டுப்போகல, 2020ல கோவிட் வந்துதான் நிறுத்துச்சு.

கோச் ஃபிராங்க் லேஹி. 1941ல பொறுப்பு எடுத்தவர், முதல் சீசன்லயே தோல்வி இல்ல, எட்டு வெற்றி ஒரு டிரா. அப்படிப்பட்ட சீசனுக்கு அப்புறம் யாராவது ஆட்டமுறையை மாத்துவாங்களா, இவர் மாத்தினார். நோட்டர் டேம்ல பழைய கோச் நூட் ராக்னி காலத்துலருந்து இருந்த பாக்ஸ் ஆட்டமுறையைத் தூக்கிட்டு, சிகாகோ பேர்ஸ் ஆடிட்டிருந்த டி-ஃபார்மேஷனைக் கொண்டுவந்தார். ராக்னி பேர் அங்க கிட்டத்தட்ட சாமி பேர் மாதிரி, அதுல கை வைக்கறதுக்கு தைரியம் வேணும். டி-ஃபார்மேஷன்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதல்ல வாங்கி யாருக்குக் குடுக்கறது எங்க வீசறதுன்னு முடிவு பண்ற ஆள், சென்டருக்கு (முன்வரிசை நடுவுல இருந்து பந்தைப் பின்னாடி குடுக்கற ஆள்) நேர் பின்னாடியே நின்னு பந்தைக் கையில வாங்குவார், பழைய முறைல பந்து தூரமா நிக்கற டெயில்பேக்குக்கு நேரா போகும். லேஹிகிட்ட ஆஞ்சலோ பெர்ட்டெல்லின்னு மாசாசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்ட்ல இருந்து வந்த ஒரு டெயில்பேக் இருந்தார், வேகமா ஓட வராது, ஆனா பந்து வீசினா துப்பாக்கி குண்டுதான், அதனாலயே ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்னு பேர். அவரை குவார்ட்டர்பேக் ஆக்கினார். 1942ல இந்த மாத்தம் அவ்வளவு சரியா உக்காரல, ஏழு வெற்றி, ரெண்டு தோல்வி, ரெண்டு டிரா. 1943ல உக்காந்துடுச்சு.

ஓடறதுக்கு கிரைட்டன் மில்லர் இருந்தார், அவர் கதையே தனி. ரத்த அழுத்தம் அதிகம்னு ராணுவத்துக்கு லாயக்கில்லன்னு சொல்லப்பட்டவர், ஆனா அந்த சீசன்ல 911 யார்டு ஓடி நாட்டுலயே முதல் ஆள். போருக்குத் தகுதி இல்லாதவன் ஃபுட்பால்ல எல்லாரையும் முட்டித் தள்ளிட்டு ஓடறான்னா ஜனங்க என்ன பேசியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா ஒரு விதத்துல அந்த டீமுக்குக் கிடைச்ச பெரிய அதிர்ஷ்டமும் அதான், மத்த எல்லார்கிட்டயும் நேவி எந்த நிமிஷமும் மூட்டை கட்டச் சொல்லலாம், மில்லர் மட்டும் கடைசி மேட்ச் வரைக்கும் இருப்பார்னு நம்பலாம். முன்வரிசைல கேப்டன் பாட் ஃபில்லி, ஜிம் ஒயிட், ஜான் யோனகர்னு கல்லு மாதிரி ஆளுங்க.

பிட்ஸ்பர்க் 41-0, ஜார்ஜியா டெக் 55-13, இதெல்லாம் மேட்ச்னே சொல்ல முடியாது. மூணாவது மேட்ச்தான் மேட்டர். அக்டோபர் 9, ஆன் ஆர்பர், எதிர்ல மிச்சிகன். ரேங்கிங்ல இவங்க முதல், அவங்க ரெண்டாவது, அவங்க பக்கம் ஹிர்ஷும் டேலியும். பெட்ரோல் ரேஷன் காலத்துலயும் 86,000 பேருக்கு மேல வந்து குவிஞ்சாங்க. நோட்டர் டேம் 35-12னு அடிச்சது, மில்லர் 66 யார்டு ஓடி ஒரு டச்டவுன் போட்டார், பெர்ட்டெல்லியோட வீச்சு ஒரு பக்கம் மில்லரோட ஓட்டம் ஒரு பக்கம்னு மிச்சிகன் எதை நிறுத்தறதுன்னு தெரியாம முழிச்சாங்க. அந்த மேட்ச்ல ஒரு கூத்தும் நடந்துச்சு, கடிகாரம் கோளாறாகி மூணாவது குவார்ட்டர் 15 நிமிஷத்துக்குப் பதிலா 23 நிமிஷம் ஓடிட்டு, அப்புறம் கண்டுபிடிச்சு கடைசி குவார்ட்டரை ஏழு நிமிஷத்துல முடிச்சாங்க. இவ்வளவு கூட்டம், இவ்வளவு பெரிய மேட்ச், மணி பாக்க ஒரு ஆள் இல்ல போல.

அதுக்கப்புறம் விஸ்கான்சின் 50-0, இலினாய் 47-0. அக்டோபர் 30 கிளீவ்லண்ட்ல நேவி அகாடமி கூட 33-6. அந்த சீசன்ல நேவி அகாடமி தோத்த ஒரே மேட்ச் அது.

அந்த மேட்சோட பெர்ட்டெல்லி கிளம்பிட்டார்.

ஏன் அந்தத் தேதில, சீசன் நடுவுல? இங்கதான் வி-12 காலண்டரைப் பாக்கணும். வருஷத்துக்கு மூணு டெர்ம், ஜூலை 1, நவம்பர் 1, மார்ச் 1னு ஆரம்பிக்கும். ஒரு டெர்ம் முடிஞ்சா படிப்பு போதும்னு இருக்கறவங்களை அடுத்த கட்டப் பயிற்சிக்கு அனுப்பிடுவாங்க. ஃபுட்பால் சீசன் செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு நவம்பர் கடைசில முடியும், நவம்பர் 1 சரியா அதுக்கு நடு மண்டைல வந்து விழுது. பெர்ட்டெல்லி மெரீன், அவரை சவுத் கரோலினால இருக்கற பாரிஸ் ஐலண்ட் முகாமுக்குக் கூப்பிட்டாச்சு. மிச்சிகன்ல டேலி ஆறு மேட்சோட போயிட்டார். பர்டியூல பட்கோவிச் பிக் டென் (பர்டியூ, மிச்சிகன் மாதிரி யூனிவர்சிட்டிகள் சேர்ந்த லீக்) மேட்ச்கள்ல மட்டும் 13 டச்டவுன் போட்டுட்டு சீசன் முடியறதுக்கு முன்னாடியே மெரீனா கிளம்பினார். எந்த கோச்சும் போய் ரெண்டு வாரம் தள்ளி வைங்கன்னு கெஞ்ச முடியாது, பசிஃபிக் தீவுகள்ல ஆளுங்க செத்துட்டிருக்கும்போது யார் காதுல அது ஏறும்?

ஆறு மேட்ச்ல பெர்ட்டெல்லி வீசினது 36 பாஸ், அதுல 25 சரியா போய்ச் சேந்துச்சு, 512 யார்டு, 10 டச்டவுன். இப்ப ஒரு குவார்ட்டர்பேக் ஒரே மேட்ச்ல 36 பாஸ் வீசறார், ஆனா அந்தக் காலத்துல பந்தை வீசறதே எப்பவாவதுதான், வீசினதுல பத்து டச்டவுன்ங்கறது பயங்கரமான கணக்கு. வருஷத்தோட சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபியை பாதி சீசனே ஆடின அவருக்குத்தான் குடுத்தாங்க. அந்த ஓட்டுல மூணாவது வந்தவர் நார்த்வெஸ்டர்னோட ஆட்டோ கிரஹாம், நாலாவது மில்லர்.

அவர் இடத்துக்கு வந்தது ஜானி லூஜாக், 18 வயசு. முதல் மேட்ச் எங்கன்னா நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம், எதிர்ல ஆர்மி, அதாவது ராணுவம் தன் ஆபீசர்களை உருவாக்கற வெஸ்ட் பாயின்ட் அகாடமி. நோட்டர் டேம் - ஆர்மி மேட்ச் அப்போ நியூயார்க்கே காத்துட்டிருக்கற வருஷாந்திரத் திருவிழா. பையன் ரெண்டு டச்டவுன் பாஸ் வீசினான், ஒண்ணு தானே எடுத்துட்டுப் போய்ப் போட்டான், தடுப்பாட்டத்துல எதிரி வீசின பாஸ் ஒண்ணையும் பறிச்சான். 26-0. ஹைஸ்மன் வாங்கப்போற ஆள் போன மறுவாரம் இப்படி ஒரு ஆள் வந்து நிக்கறான்னா லேஹி ஆளுங்களை எவ்வளவு ஆழமா தயார் பண்ணி வச்சிருந்தார்னு புரியும், 1943 டீமைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான். அடுத்து ஆட்டோ கிரஹாமோட நார்த்வெஸ்டர்னை 25-6.

நவம்பர் 20 அயோவா சீஹாக்ஸ் வந்தாங்க, ரேங்கிங்ல ரெண்டாவது. அவங்க கோச் டான் ஃபாரட், மிசூரி யூனிவர்சிட்டில ஸ்ப்ளிட்-டின்னு ஒரு புது ஆட்டமுறையை உருவாக்கினவர், இப்ப நேவி யூனிஃபார்ம்ல. பாதி மேட்ச் வரைக்கும் சீஹாக்ஸ்தான் முன்னாடி, கடைசில 14-13. டச்டவுனுக்கு அப்புறம் உதைக்கற ஒரு பாயின்ட் கிக்கை இவங்க ரெண்டு தடவையும் போட்டாங்க, அவங்க ஒரு தடவை தவற விட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வாரம் கழிச்சு கிரேட் லேக்ஸ். அங்க கோச் டோனி ஹிங்கிள், பட்லர் யூனிவர்சிட்டில பேஸ்கட்பாலுக்குப் பேர்போனவர், அந்த யூனிவர்சிட்டியோட பேஸ்கட்பால் அரங்கத்துக்கே இன்னைக்கு அவர் பேர்தான். கிரேட் லேக்ஸ் 12-7னு இருந்தப்ப நோட்டர் டேம் கடைசில இஞ்ச் இஞ்சா நகர்ந்து போய், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல மிச்சம் இருக்கும்போது மில்லரை வச்சு 14-12 ஆக்கினாங்க. அதுக்கப்புறம்தான் அந்த 33 செகண்ட் விஷயம். கிரேட் லேக்ஸ்ல அன்னைக்கு ஆடினவங்கள்ல எமில் சிட்கோவும் ஒருத்தர், போர் முடிஞ்சதும் அவர் வந்து சேந்ததும் அதே நோட்டர் டேம்தான், அதே லேஹிகிட்டதான்.

சரி, சாம்பியன் பட்டம் நியாயமா? அப்போ பிளே-ஆஃப் கிடையாது, ஏ.பி. செய்தி நிறுவனம் பத்திரிகைக்காரங்ககிட்ட ஓட்டு வாங்கி வரிசை போடும், அதுவும் ஜனவரி பவுல் மேட்ச்களுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். நோட்டர் டேம் அந்தக் காலத்துல பவுல் மேட்சுக்கே போறதில்லன்னு கொள்கை வச்சிருந்தாங்க, அதனால அது இங்க பிரச்சினை இல்ல. கடைசி வரிசையைப் பாருங்க: ரெண்டாவது அயோவா சீஹாக்ஸ், மூணாவது மிச்சிகன், நாலாவது நேவி, ஆறாவது கிரேட் லேக்ஸ், ஒன்பதாவது நார்த்வெஸ்டர்ன், பதினொண்ணாவது ஆர்மி, பதிமூணாவது ஜார்ஜியா டெக். இந்த ஏழு டீம் கூடவும் நோட்டர் டேம் ஆடி ஆறை ஜெயிச்சிருக்கு. பத்து மேட்ச்ல மொத்தம் 340 பாயின்ட் போட்டு 69 குடுத்திருக்காங்க. பர்டியூ ஜெயிச்ச ஒன்பதுல பெரிய பேர்னா கிரேட் லேக்ஸ்தான், அதுவும் சீசன் ஆரம்பத்துல, முகாம் டீம் இன்னும் செட் ஆகாத நேரத்துல. பிக் டென்ல கூட அவங்க மிச்சிகனை சந்திக்கவே இல்ல, ரெண்டு பேரும் பட்டத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. அதனால முதல் இடம் நோட்டர் டேமுக்குப் போனதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. பர்டியூவை அஞ்சாவதுல வச்சது மட்டும் கொஞ்சம் ஓவர், நான் ஓட்டு போட்டிருந்தா ரெண்டாவதோ மூணாவதோ குடுத்திருப்பேன், தோக்காத டீமுக்கு மேல தோத்த நாலு டீமை வைக்கறதுக்கு நிறைய வாய்ச்சவடால் வேணும்.

ஆனா ஒண்ணு, இதெல்லாம் காலேஜ்களோட பலத்தை அளந்த ரேங்கிங்னு நினைச்சா தப்பு. முதல் பத்துல அயோவா, கிரேட் லேக்ஸ், டெல் மான்டே ப்ரீ-ஃப்ளைட், மார்ச் ஃபீல்ட்னு நாலு ராணுவ முகாம் டீம், அதுபோக நேவி அகாடமி, மீதி எல்லாம் பெரும்பாலும் வி-12 இருந்த காலேஜ். அலபாமாவையும் டென்னஸியையும் வெளிய வச்சுட்டு நடத்தின போட்டி அது.

அடுத்த வருஷம் காத்து திசை மாறுச்சு. லேஹியே நேவில சேந்துட்டார், லூஜாக்கும் போயிட்டார், இங்கிலீஷ் கால்வாயில நீர்மூழ்கிகளைத் தேடற சின்னக் கப்பல்ல வேலை. பசங்களை ஆட விடமாட்டேன்னு சொன்ன ராணுவம் தன்னோட வெஸ்ட் பாயின்ட் அகாடமில மட்டும் நாட்டுலயே பெரிய டீமைக் கட்டிடுச்சு. அங்க சேந்தா கேடட், படிப்பு முடியற வரைக்கும் யாரும் போருக்கு இழுக்க முடியாது, வேற காலேஜ்ல ஏற்கனவே ஆடியிருந்தாலும் பரவாயில்ல, அப்போ நல்ல ஆட்டக்காரன் எங்க போவான்? டாக் பிளான்சார்டும் கிளென் டேவிஸும் சேந்த அந்த ஆர்மி டீம் 1944ல நோட்டர் டேமை 59-0னு நசுக்குச்சு, 1945ல 48-0. கிரேட் லேக்ஸும் விடல, 1945ல பால் பிரவுன் கோச்சா இருந்து மரியன் மோட்லியை வச்சு 39-7னு அடிச்சாங்க. நேவி குடுத்த ஆளுங்களை நேவியே எடுத்துக்கிட்டதால டீமோட பலம் குறைஞ்சிடுச்சு. 1946ல லேஹியும் லூஜாக்கும் திரும்பி வந்தப்புறம்தான் நோட்டர் டேம் மறுபடி சாம்பியன், லூஜாக் 1947ல ஹைஸ்மன் வாங்கினார், 2023ல 98 வயசுல காலமானார்.

பெர்ட்டெல்லி ஜப்பானோட இவோ ஜிமா தீவுச் சண்டைல இருந்தார், உயிரோட திரும்பினார். பட்கோவிச் திரும்பல, 1945 ஏப்ரல் 18 ஒகினாவால செத்துப்போனார். அகாஸியும் ரைகோவிச்சும் போர் முடிஞ்சு 1946ல பழையபடி இலினாய் ஜெர்சியே போட்டாங்க.

ஃபுட்பாலுக்கு வெளிய வி-12 பண்ண ஒரு வேலையும் உண்டு. அதுவரைக்கும் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத நோட்டர் டேம்ல 1944ல ஃப்ரேசியர் தாம்ப்சன்னு ஒருத்தர் வி-12 வழியா வந்து சேந்தார், தடகள டீம்ல ஓடினார், 1947ல அங்க பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவர் ஆனார். யூனிவர்சிட்டி தானா எடுக்காத முடிவை நேவியோட போஸ்டிங் ஆர்டர் எடுத்துக் குடுத்துச்சுன்னு சொல்றது கொஞ்சம் கசப்பா இருக்கும், ஆனா நடந்தது அதான்.

ஆட்டத்துக்குள்ள மிஞ்சினதும் நிறைய. அயோவால டான் ஃபாரட்டுக்கு உதவி கோச்சா நேவில இருந்த ரெண்டு பேர் பட் வில்கின்சன், ஜிம் டேட்டம். ஸ்ப்ளிட்-டியை அங்க கத்துக்கிட்டுப் போய் வில்கின்சன் ஓக்லஹாமால 1953லருந்து 1957 வரைக்கும் தொடர்ச்சியா 47 மேட்ச் ஜெயிச்சார், அந்த ரெக்கார்டை இன்னும் யாரும் தொடல. டேட்டம் மேரிலண்டை 1953ல சாம்பியன் ஆக்கினார். அந்த 47 மேட்ச் ஓட்டத்தை 1957 நவம்பர்ல 7-0னு நிறுத்தினது யாருன்னு கேட்டா, நோட்டர் டேம்தான்.